அந்தோணி அண்ணன் போனில் வந்த கட்டங்கள்

ஒரு மனிதர் ஆசையாக வாங்கிய புதுப் போனை, பத்துப் பேர் முன்னால், டூப்ளிகேட் என்று சொன்னவன் நான்.

அந்தப் போனில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

சொல்லிவிட்டேன். இனி விவரம்...

லேப்டாப் ஃபேனின் இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது. பிழைக்க வந்த இந்த ஊரில், தெம்பனிஸ் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஸ்மார்ட்போன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் இருந்தது பட்டன் போன். ஆனால் மாதா கோயிலில் எல்லாரிடமும், போனுக்கு ஆப் எழுதுகிற ஆள் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன் இல்லாமல் எப்படி ஆப்? எமுலேட்டர். லேப்டாப்புக்குள்ளே ஓடுகிற பொய்ப் போன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. அதை எழுப்பிவிட்டுக் கீழே காப்பிக்கடைக்குப் போய், தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய டீ, கட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்தால் சரியாக இருக்கும், அப்போதுதான் கண் விழித்திருக்கும். பேட்டரி எப்போதும் ஐம்பது சதவீதம். ஏறாது, இறங்காது. யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். கிட்டத்தட்ட அன்றைய என் வாழ்க்கைதான்.

அதில் தமிழ் மட்டும் வரவில்லை. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். விடுவேனா... திறந்த மென்பொருள்தானே, அதன் வயிற்றைத் திறந்து தமிழ் எழுத்துருவை நானே உள்ளே வைத்தேன். ஜம்மென்று வந்தது. வைத்ததை மறந்தும் போனேன்.

எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவுக்காக, பாட்டு வரிகளைக் காட்டுகிற ஒரு ஆப் செய்தேன். குழுவை நடத்தியவர் ரீட்டா அக்கா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். லேப்டாப்பில் காட்டினேன்.

“எழுத்து இவ்ளோ அழகா இருக்கே தம்பி. அப்ப இந்தத் திருவிழாவுக்குப் பேப்பர் அடிக்க வேணாமா?”

“வேணாங்கா. இனிமே எல்லாம் போன்லதான்.”

“ஷுவரா லா?”

“ஷுவர்க்கா.”

அந்தத் திருவிழாப் பூசையில், வாசகத்துக்குப் பிறகு ஒருவர் பாடுகிற பதிலுரைப் பாடல் அந்தோணி அண்ணனுக்கு. கப்பல் பட்டறையில் வெல்டர். பல வருஷமாகப் பின்வரிசையில் கோரஸ் பாடியவர், முதல் தடவையாகத் தனியாகப் பாடப் போகிறார். பாட்டும் புதுசு. என் பேச்சை நம்பி, அதற்காகவே லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் முதல் ஸ்மார்ட்போன் வாங்கிவிட்டார். டாக்குமெண்ட் போல பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பூசைக்கு அரைமணி நேரம் முன்னால் என் கையில் கொடுத்தார்.

ஆப்பை ஏற்றினேன். திறந்தேன்.

கட்டம். கட்டம். கட்டம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கட்டம்.

ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பொய்ப் போனின் வயிற்றில் நான் வைத்த எழுத்துரு, நிஜப் போனின் வயிற்றில் இல்லை. நிஜ ஸ்மார்ட்போன் என்று ஒன்றை நான் தொட்டுப் பார்த்ததே அன்றைக்குத்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பாடகர் குழு முழுக்க நின்று பார்க்கிறது... வாய் தானாகத் திறந்தது.

“அண்ணே, போன் டூப்ளிகேட் மாதிரி இருக்கே. எங்க வாங்குனீங்க?”

அவர் போனை வாங்கி, மறுபடியும் அந்த உறைக்குள் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார்.

பூசையில் மேலே ஏறி, கையில் வரிகள் இல்லாமலே பல்லவியும் முதல் சரணமும் பாடினார். நல்ல குரல். இரண்டாவது சரணத்தில் வார்த்தை வரவில்லை. திரும்பவும் முதல் சரணத்தையே பாடினார். மூன்றாவது தடவையும் அதையே தொடங்கியபோது, ரீட்டா அக்கா கீழே இருந்தபடியே பல்லவியை எடுத்து முடித்துவைத்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்து பின்வரிசையில் நின்றார்.

நான் வாசிக்கிற கீபோர்டுக்குப் பின்னால் நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் நேராக என்னிடம் வந்தார். கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். கடைக்காரர் ஷோகேஸிலிருந்து வேறு நாலு போனை எடுத்துக் கொடுத்து, நீங்களே அந்த ஆப்பைப் போட்டுப் பாருங்க என்றிருக்கிறார்.

உண்மை தெரிந்துவிட்டது, இனி தப்பிக்க வழியில்லை என்று நினைத்தேன். அண்ணன் என் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீங்க சொன்னது சரிதான். அந்தக் கடையில இருக்கிற அத்தனையும் டூப்ளிகேட். நாலுலயும் கட்டம்தான் வருது.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தான் தங்கியிருந்த தொழிலாளர் டார்மிட்டரியில் யாரையும் அந்தக் கடைப் பக்கம் போகவிடாமல் செய்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இப்போது எந்தப் போனை எடுத்தாலும் தமிழ் வருகிறது. எமுலேட்டரும் தே தாரிக் வாங்கப் போகிற அளவுக்கு அவகாசம் தருவதில்லை, தட்டியதும் எழுந்து நிற்கிறது. நான் செங்காங்கில் குடும்பஸ்தன். ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம், நிஜப் போனில் ஓட்டிப் பார்க்காமல் என்னிடம் வராதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பெரிய கொள்கைவாதி என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் தேக்கா மார்க்கெட்டில் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். இப்போது சூப்பர்வைசர். கூட வந்த நண்பரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

“கம்ப்யூட்டர் தம்பினு சொல்வேன்ல, இவர்தான். டூப்ளிகேட் போனைப் பார்த்த மாத்திரத்துல கண்டுபிடிச்சிடுவார். உன்னோடதைக் குடு, காட்டுவோம்.”

நண்பர் போனைக் கொடுத்தார். வாங்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“ஒரிஜினல்தாண்ணே,” என்றேன்.

இனியாவது ஒளிக்கக் கூடாது என்று, இத்தனை வருஷம் கழித்து, உள்ளதை உள்ளபடி நம் குரூப்பில் உங்கள் எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

அந்தோணி அண்ணன் இந்தக் குரூப்பில் இல்லை. பதிவு போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.