ஒன்று மட்டும் நின்றது

கட்டளை தரும் கம்பியை எடுத்த பிறகும் அந்தப் பச்சைப் புள்ளி அணையவில்லை. கடுகளவு வெளிச்சம். அதைப் பார்த்தபடியே அக்கா நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவர் எனக்கு மூத்த ஆய்வு மாணவி, வெள்ளகோவில்காரர்.

செல்போன் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஒளிர வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத படத்துக்கும் அப்படித்தான்; அதிலேயே பேட்டரி கரையும். ஒருமுறை சொன்னதை, கட்டளை வராவிட்டாலும் மறக்காத டிரான்சிஸ்டரைப் புள்ளிக்கு அடியில் வைத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம். அதைத்தான் அக்கா செய்ய முயன்றார்.

அன்று மறக்காமல் நின்றது ஒன்றுதான். உடன் செய்தவை சற்று நேரத்தில் மறந்துபோயின. அதன்பின் செய்தவையும் அப்படியே. காற்றும் ஈரமும் படாமல் செய்ய வேண்டிய வேலை அது. அதற்காகக் கைவிட்டு வேலை செய்யும் எங்கள் கண்ணாடிப் பெட்டியின் கையுறைகளோ வெடித்துக் கிடந்தன; கேட்ட புதுப் பெட்டி வரவில்லை. அக்கா வெடிப்புகளில் டேப் ஒட்டினார். மழை பெய்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆய்வுக் கெடு நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பேராசிரியர் கெட்டவர் அல்லர். "ஒண்ணு நின்னுதுல்லம்மா, அத வெச்சு எழுதிப்போடு" என்றார்.

"மத்தது நிக்கலீங்களே சார். இது ஏன் நின்னுதுன்னு எனக்கே தெரியலீங்க."

"எழுதாம என்ன பண்ணப் போற?"

அக்கா கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எழுதவில்லை. கெடு முடிந்தது, பெயரை நீக்கிவிட்டார்கள். ஊருக்குப் போனார்.

மறு வருடம் புதுப் பெட்டி வந்தது. டிரான்சிஸ்டருக்கு அக்கா கண்ட கலவையை அக்காவின் முறைப்படியே செய்து பார்த்தேன். வாரக்கணக்கில் ஒன்றுகூட மறக்கவில்லை. பஸ் பிடித்து வெள்ளகோவில் போனேன். அக்கா தன் அண்ணனின் எண்ணெய்க் கடையில் இருந்தார்.

"எத்தன நின்னுச்சு கண்ணு?"

"எல்லாமேங்க அக்கா."

"அப்ப கலவையில தப்பில்ல."

"இல்லீங்க அக்கா. ஈரந்தான். நீங்க மறுபடி சேர முடியுமான்னு காலேஜ் ஆபீஸ்ல கேட்டேன். வழியில்லைன்னுட்டாங்க."

தலையசைத்தார். கேனோடு ஒரு பெரியவர் வந்தார். அக்கா எழுந்து புனலை வைத்து எண்ணெய் ஊற்றினார். கேன் நிறைந்து மேசையில் வழிந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மணி, போதுமுங்க" என்று பெரியவர்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.