கையுறையில் பால் கறக்கப் பழகியவர்

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் எழுத உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சண்டை ஓய்ந்து ஓமந்தைப் பாதை திறந்திருந்த காலம். வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு ஒப்பரேஷன் செய்த பெண்களின் வார்ட்டில் அற்றென்டனாக இருந்தேன். விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, பிடித்து நடத்துவது என் வேலைகள். வீட்டுக்குப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவதும் மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. வோக்கர் பிடித்து நடக்க பிசியோ மிஸ் பழக்குவா. மருந்தை நேர்ஸ் விளங்கப்படுத்துவா. மிச்சமெல்லாம் நான்: முறிந்த காலுக்கு முதலில் பாவாடையைப் போடுவது, ஓட்டோவில் பின்பக்கமாகப் போய் இருந்துகொண்டு காலை உள்ளே எடுப்பது, இப்படி.

டொக்டர் கேட்டால் எங்கள் சனம் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லும். வீட்டில் உயரமான கதிரை இருக்குதோ? ஓம். கொமட் இருக்குதோ? ஓம். நிலத்தில் இருக்கமாட்டீங்கள்தானே? ஓம் ஐயா, ஓம். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. டொக்டரைப் பார்த்து இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். அப்படி ஓம் சொல்லிப்போன ஒரு பெண் பத்தாம் நாள் மூட்டு விலகித் திரும்பி வந்தார். அவர் வீட்டில் உட்காரக் கதிரை என்று ஒன்றுமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் என் பாட்டில் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன். சீப்பால் தலை இழுத்துவிடும்போது, "விடிய எழும்பினால் முதல் என்ன செய்வீங்கள்?" என்று கேட்பேன். அதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது.

நெளுக்குளத்திலிருந்து வந்த ஓர் அக்காவிடமும் அப்படித்தான் கேட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, மூட்டில் இரும்புப் பந்து வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குக் குந்தக் கூடாது. குந்தினால் பந்து கழன்றுவிடும்.

"முதல் மாட்டடிக்குத்தான் போவன்" என்றார்.

"போய்?"

"போய் என்ன, கறக்கிறதுதான்."

"குந்தியிருந்தோ?"

"பின்னே, பறந்துகொண்டோ கறக்கிறது?"

அந்த மாடு இன்றோ நாளையோ கன்று போடப்போகிறது, அதற்குள் எப்படியும் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார். அந்த மாடு அவரைத் தவிர வேறொருவரையும் கிட்ட அண்டவிடாதாம். புருஷனுக்கு ரோட்டோரத்தில் சைக்கிள் திருத்தும் கடை. மாட்டுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார். பிள்ளைகள் கலியாணம் கட்டித் தூரத்தில் இருந்தார்கள்.

"டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதையும் தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தார்.

அடுத்த நாள் காலை டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் நேர்ஸ்மார், பிசியோ மிஸ். நான் எப்போதும் போல மருந்து அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"குந்தமாட்டீங்கள்தானே அம்மா?"

"ஓம் ஐயா."

"அப்ப நாளைக்குத் துண்டு வெட்டுவம்" என்று பேனையைத் திறந்தார். துண்டு வெட்டினால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வார்ட்டில் வேலை செய்த இவ்வளவு வருடத்தில் டொக்டர் வரும் நேரம் நான் ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"ஐயா, அவா மாடு கறக்கப்போறா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. டொக்டர் பேனையை மூடினார்.

"வேறை ஆர் கறப்பினம்?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னை முறைத்துப் பார்த்தார்.

"கறக்க ஒரு ஆளைப் பிடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வெட்டுவம்."

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. நான் செய்தது சரியோ பிழையோ என்று எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை விட்டதும் புருஷன் ஓடிவந்தார். "விடிய கண்டு போட்டிட்டுது. ஆண் கண்டு, நாம்பன்!"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "மடியிலை பால் கட்டப்போகுது. உங்களுக்குக் கறக்கத் தெரியாது. இவா என்னை மறிச்சுப்போட்டா" என்று என்னைக் காட்டினார்.

"நானோ? கிட்டப் போனாலே காலைத் தூக்குது. சைக்கிள் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன்" என்றார் அவர்.

அவரைக் கறக்கப் பழக்கத்தான் வேண்டும், ஆனால் வார்ட்டில் மாடு இல்லையே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். குப்பைக்குப் போட எடுத்துவைத்த கையுறைகள் கண்ணில் பட்டன. திகதி முடிந்தவை. பெரிய நேர்ஸிடம் கேட்டேன். "என்னத்துக்கு?" என்றா. சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு ஒரு பிடி அள்ளித் தந்தா.

ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டி, சேலைன் போத்தல் தூக்கும் கம்பியில் தொங்கவிட்டேன். நாலு விரல் நுனியிலும் ஊசியால் குத்தினேன். பார்க்க மாட்டின் மடி மாதிரியே இருந்தது. கீழே பேசினை வைத்தேன்.

புருஷன் கையுறையின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தார். ஒரு துளி வந்தது.

"இழுக்காதேங்கோ! அது என்ன, சைக்கிள் டியூபே?" என்றார் அக்கா. எனக்கு முகம் கொடுக்காமல் இருந்தவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "மேலை பெருவிரலாலை அடையுங்கோ. பிறகு ஒவ்வொரு விரலாய் மூடிக்கொண்டு கீழை வாங்கோ."

அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு முஸ்லிம் தாய் இருந்தா. "அண்ணை, அது பம்ப் இல்லை. மெல்ல" என்றா.

அவர் ஓங்கி நெரித்தார். தண்ணீர் சீறிக்கொண்டு போய் அந்தத் தாயின் தலையணையை நனைத்தது. "அல்லாஹ்! எனக்கேன் கறக்கிறீங்கள்?" என்று அவா சத்தமிட, வார்ட்டு முழுவதும் சிரித்தது. கழுத்துப்பட்டி போட்டிருந்த ஒரு பிள்ளை சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் கட்டிலைத் தட்டினாள்.

நாலு கையுறை கிழிந்தது. பின்னேரம் திரும்பவும் வந்தார், இன்னும் மூன்று கிழிந்தது. கடைசியில் பேசினுக்குள் தண்ணீர் சர் சர் என்று ஒழுங்காக விழுந்தது. அக்கா அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கை சரி. ஆனா உங்கடை மணத்துக்கு அது நிக்காது. என்ரை பழைய சோட்டியைப் போட்டுக்கொண்டு போங்கோ. முதல் கண்டை ஊட்டவிடுங்கோ."

"பொம்பிளையள் போடுற சோட்டியோ? சனம் பாத்தால்?"

"விடிய அஞ்சு மணிக்குச் சனம் உங்களைப் பாக்கவோ எழும்பும்?"

அடுத்த நாள் காலை ஏழரைக்கு அவர் வாசலில் நின்றார். காவலாளி எப்படி விட்டார் என்று தெரியாது. கையில் மூடியிட்ட போத்தல். உள்ளே மஞ்சளாக, கன்று போட்டதும் வரும் கடும்புப் பால், அரைப்போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. முழங்காலில் உதை வாங்கிய நீலம். அதையும் சாரத்தை உயர்த்திக் காட்டினார்.

அக்கா போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண் விழுந்திருக்கு" என்றார். பிறகு அதை இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டார்.

டொக்டர் வந்தபோதும் போத்தல் அங்கேயே இருந்தது. "இது ஆர் கறந்தது?" என்றார்.

"இவர்."

டொக்டர் புருஷனைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். பிறகு அலுமாரிப் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்றீங்கள், விடலாமோ?" என்று என்னைக் கேட்டார்.

ஓம் என்று சொல்ல எனக்கு இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது.

மதியம் ஓட்டோ வந்தது. பழக்கியபடியே அக்கா பின்பக்கமாகப் போய் இருந்து, காலை நீட்டியபடி உள்ளே எடுத்தார். முதுகுக்குத் தலையணை வைத்தேன்.

"மூண்டு மாசத்தாலை வந்து உம்மோடை சண்டை பிடிக்கிறன்" என்றார்.

"வாங்கோ அக்கா" என்றேன்.

மறுநாள் நெளுக்குளத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு பெண் சொன்னார்: அக்கா மாட்டடிக்கு வெளியே உயரக் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, புருஷன் உள்ளே கறந்தார், ஒன்றரைப் போத்தல் வந்தது.