இரண்டு வரிசைப் பட்டன்

சட்டை தைக்கும் கூடத்தில் அவளுக்குப் பட்டனக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாகப் பட்டன் தைக்கிறாள், அதில் ஒன்பது வருடம் மூட்டுவாதத்தோடு. வேலியே பயிரை மேய்ந்த கதை: உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே விரல் மூட்டுகளைத் தாக்குகிறது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். வாரமொரு முறை போடும் மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது.

போன மழைக்காலத்திலிருந்து அடங்கவில்லை. விடிந்தால் விரல்கள் விறகாகக் கிடந்தன. தனியாக இருப்பவள் என்பதால், மாலையில் கை இளகியிருக்கும்போதே பாட்டில் மூடியைத் தளர்த்தி வைப்பாள். ஊசியில் நூல் கோத்து வைப்பாள். காலையில் திறக்க வராதென்று கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடுவதில்லை. மாலையில் இருப்பவள் காலையில் இருப்பவளுக்குப் பணிவிடை செய்தாள்.

மருத்துவமனைக்குப் போவதோ அரைநாள் வேலை முடிந்து, மூன்று மணிக்கு. அதற்குள் விரல்கள் நல்ல பிள்ளையாகிவிடும்.

"கைய மடக்குங்கம்மா."

மடங்கியது.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்."

அதே மாத்திரை, அதே அளவு.

தங்கை போனில் கேட்டாள். "வலிக்குதுன்னு சொன்னா என்ன? வாய்க்கும் பட்டன் தச்சுட்டியாக்கா?"

"நல்லா மடங்குற கைய நீட்டிக்கிட்டு எப்படிடி சொல்றது?"

அந்த வாரம் சுண்டுவிரல் மாலையிலும் நிமிரவில்லை. மற்றவையும் அப்படியே நின்றுவிட்டால் பிழைப்பு போயிற்று. மறுநாள் எழுந்ததும், விரல் இளக வழக்கமாக வைக்கும் வெந்நீரில் கையை நனைக்காமல், வெட்டி மிஞ்சிய துணியொன்றில் பட்டன் தைத்தாள். மாலையில் அதன் பக்கத்தில் இன்னொன்று. இப்படி ஒரு மாதம்.

டாக்டரம்மா துணியை மேசைமேல் விரித்தார். ஒரு வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மற்றதில் பட்டன்கள் தொங்கின, இரத்தப் பொட்டுகள் இருந்தன. கடைசி நான்கு நாளுக்குப் பட்டனே இல்லை, ஊசித் துளைதான்.

"இது யாரு தச்சது?"

"ரெண்டும் நான்தான் டாக்டர். அது காலையில."

இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவரச் சொல்லி, பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி இல்லம்மா. நோய் போக்கு மாறிடுச்சு, இந்த மாத்திரைக்கு இனிமே அடங்காது. சுண்டுவிரலுக்கு உறுதி சொல்ல மாட்டேன், மத்தத காப்பாத்தப் பாக்கலாம். வாரம் ஒரு ஊசி, வீட்டுலயே போட்டுக்கலாம். போட்டுவிட யாரு இருக்காங்க?"

அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சாயங்காலம் போடலாமா டாக்டர்? அப்பன்னா ஆள் இருக்கு."