தரையிலிருந்து எடுத்த அப்பா

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியாக நிற்கும் அவருக்கு இரண்டு துயரங்கள். ஒன்று, அவருடைய உயரம். காரில் வருபவர்கள் அவர் எதிரே நிற்பது தெரியாமல் காவலாளியைக் கூப்பிட்டு ஹாரன் அடிப்பார்கள். மற்றொன்று, பதினோராம் வகுப்பில் மகள் கணக்குப் பதிவியலை விட்டுவிட்டு ஊடகவியல் எடுத்தது.

“படம் பாக்கறதெல்லாம் ஒரு படிப்பா? திங்கக்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து மாத்தறேன்” என்று கண் கலங்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செய்முறைப் பயிற்சிக்காக மகள் கைபேசியோடு வாசல் கேட்டருகே மல்லாந்து படுத்தாள். கீழிருந்து படம் எடுத்தால் யாராக இருந்தாலும் உயரமாகத் தெரிவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

“எழுந்திரு பாப்பா, மானம் போகுது.”

“அசையாதீங்கப்பா. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்.”

எடுத்ததைக் காட்டினாள். மேகத்தில் தலை முட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தகப்பனின் நெஞ்சு விம்மியது.

“கணக்கை எவன் வேணா படிப்பான். நீ இதையே படிம்மா.”

மாலையில் மனைவியிடம் காட்டினார். அவள் அவரைவிட ஒரு சாண் உயரம்.

“யாருங்க இது?”

“நான்தான்.”

“இத்தனை வருஷத்துல எனக்கு இப்படித் தெரிஞ்சதே இல்லையே.”

“என்னைக்காவது தரையில படுத்துப் பாத்திருக்கியா?” என்றார் அவர்.