சுவரில் தொங்கிய வத்தல் துணி

எனக்குக் கோபம் வந்தா தமிழ், ஹிந்தி, மராட்டி மூணும் ஒண்ணா சேர்ந்து வாயில வரும். இது மராட்டி ஊர்ல எங்க தாபோடி சந்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு அந்தப் படத்தை போன்ல பார்த்தப்ப ஒண்ணுமே வரல, அப்படியே உக்காந்துட்டேன். பெரிய ஹாலு, வெள்ளைச் சுவரு, மேலேர்ந்து விளக்கு வெளிச்சம். நடுவுல ஒரு கம்பியில கிளிப் போட்டுத் தொங்குது எங்க மரியம்மாள் அக்காவோட வத்தல் துணி. அதுக்கு முன்னாடி நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டு பயபக்தியா நிக்கிறாங்க.

வத்தல் துணின்னா வேற ஒண்ணுமில்ல, அவங்க வீட்டுக்காரர் ஸ்டீபன் அண்ணனோட பழைய வேட்டி. எப்பவோ ஒரு ஈஸ்டருக்கு எடுத்தது. கட்டிக் கட்டி நைஞ்சதும் அக்கா அதை வத்தலுக்கு எடுத்துக்கிட்டாங்க. வேட்டியை நனைச்சுப் பிழிஞ்சு மொட்டைமாடியில விரிச்சு, அரிசிக் கூழை ஒரு கரண்டி ஒரு கரண்டியா வட்டம் வட்டமா ஊத்திக்கிட்டே போவாங்க. காஞ்சதும் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணி தெளிச்சா வத்தல் தானா உரிஞ்சு வரும், வட்டத் தடம் மட்டும் துணியில நிக்கும். புதுத் துணியில ஒட்டிக்கிட்டு உசுரை வாங்கும். பழகின துணிதான் விடும். அதனால எங்க சந்துல நல்ல வத்தல் துணின்னா அதுக்கு ஒரு மரியாதை உண்டு. இரவல் கேப்பாங்க, குடுப்போம். சித்திரை முடியறதுக்குள்ள துணி திரும்பி வரணும், வர்றப்ப உள்ள ஒரு கை வத்தல் இருக்கணும். இதை யாரும் சட்டமா எழுதி வைக்கல, ஆனா யாரும் மீறினதும் இல்ல.

அக்காவைப் பத்திச் சொல்லணும். தர்மபுரி பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி வந்தவங்க. ஸ்டீபன் அண்ணன் கட்கியில பாக்டரி வேலை. பிள்ளை இல்ல. டாக்டர் பார்த்தாச்சு, வேளாங்கண்ணி போயாச்சு, கையில கயிறு கட்டியாச்சு. அண்ணனோட தங்கச்சிங்க லீவுக்கு வந்தா குத்திக் குத்தியே பேசுவாங்க. சந்துல ஒரு சீமந்தம்னா அக்கா வீட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிடுவாங்க. அக்கா அழுது நான் பார்த்ததில்ல. ஆனா அந்த நாள்ல கதவைச் சாத்திக்கிட்டு ரேடியோவைச் சத்தமா வைப்பாங்க, அது எனக்குத் தெரியும்.

அப்புறம் என் பொண்ணு மீனு பொறந்தா. நான் போசரியில பாக்கிங் கம்பெனிக்குப் போயாகணும். கைக்குழந்தையை அக்கா மடியில போட்டுட்டுத்தான் ஓடுவேன். மீனு முதல்ல நடந்தது அவங்க வீட்டு வாசல்ல. அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி பெரியம்மான்னு சொல்லிட்டா கழுதை. சந்தும் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. வத்தல் அக்கான்னு ஒரு பேரு வந்துச்சு. நிக்டிலேர்ந்தும் மகர்பட்டாலேர்ந்தும் தமிழாளுங்க தேடிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. பழைய பேச்செல்லாம் எப்ப நின்னுச்சுன்னே தெரியல, நின்னுடுச்சு. மீனு வளர்ந்து கல்யாணமாகி, அவளுக்கு ஏழாம் மாசம் வந்து வளைகாப்பு நாள் குறிச்சப்ப, முதல் வளையலை நீங்கதான் போடணும்னு நான் அக்காகிட்ட சொன்னேன். அக்கா அன்னைக்கே கடைக்குப் போய்ப் புதுப் புடவை எடுத்துக்கிட்டு வந்தாங்க.

இந்த நேரத்துலதான் மகர்பட்டா கோகுல்நாத் வத்தல் வாங்க வந்தாரு. கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, வாய் நிறைய ங்க போட்டுப் பேசுவாரு. கூட அவர் சம்சாரம் அம்ருதா, மராட்டிப் பொண்ணு. அந்தப் பக்கம் படக் கண்காட்சி நடத்துற ஹால் வெச்சிருக்கு. கோகுல்நாத் கீழ கார் நிறுத்த இடமில்லாம எவன்கிட்டயோ மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு. அம்ருதா மட்டும் மாடிக்கு வந்துச்சு. கொடியில காஞ்ச வேட்டியைப் பார்த்துச்சு, பார்த்துச்சு, பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அக்காவைச் சித்தின்னு மராட்டி முறையில கூப்பிட்டு ஹிந்தியில, "மௌஷி, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

அக்கா என்ன நினைப்பாங்க சொல்லுங்க. இந்தக் காலத்துப் பொண்ணு, அதுவும் மராட்டிப் பொண்ணு, புருஷனுக்காக வத்தல் போடக் கத்துக்கப் போகுது, துணி இரவல் கேக்குதுன்னுதான் நினைச்சாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பூரிச்சுப் போய், எடுத்துட்டுப் போம்மா, லே ஜா, லே ஜான்னு மடிச்சுக் குடுத்தாங்க. புது வேட்டியைச் சமாளிச்சுக்கிட்டு இந்த வருஷம் ஓட்டிடலாம்னு எங்கிட்ட சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரு டப்பா பாகர்வடி பலகாரம் குடுத்துட்டு, போறப்ப பேச்சுவாக்குல பசங்க எத்தனைன்னு கேட்டுச்சு. இல்லைம்மான்னு அக்கா சொன்னாங்க. அந்த ஒத்தை வார்த்தைதான்.

இப்ப அந்த போன் படத்துக்கு வாங்க. துணிக்குப் பக்கத்துல ஒரு அட்டை. இங்கிலீஷ்லயும் மராட்டியிலயும் எழுதியிருந்துச்சு. நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவ, மராட்டி எனக்குத் தண்ணி பட்ட பாடு, பெரிசு பண்ணிப் படிச்சேன். தலைப்பு, பிறக்காதவர்கள். கீழ மரியம்மாள், தாபோடின்னு பேரும் ஊரும். அப்புறம் விளக்கம். ஒவ்வொரு வட்டமும் பிறக்காமல் போன ஒரு குழந்தையாம். நடுவுல இருக்கிற பெரிய சிவப்பு, வெறுமையான கருப்பையாம். பேசத் தெரியாத ஒரு பெண் துணியிடம் சொன்ன துக்கமாம்.

பேசத் தெரியாத பெண்ணாம். எங்க அக்கா மீன்காரன்கிட்ட பேரம் பேசறப்ப வந்து நின்னு கேக்கச் சொல்லுங்க.

அந்தச் சிவப்பு என்னன்னு நான் சொல்றேன். ஒரு வருஷம் பீட்ரூட் சாறு ஊத்தி வத்தல் போட்டோம். பாதி காயறதுக்குள்ள திடீர்னு ஆலங்கட்டி மழை. ஸ்டீபன் அண்ணன் ஓடிவந்து, அறிவிருக்கிற மனுஷனா இருந்தா அப்படியே தூக்கிக்கிட்டு வருவாரு, இவரு அந்தக் கூழோட துணியை ரெண்டா மடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாரு. பிரிச்சா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி சிவப்பு அப்பியிருந்துச்சு. அக்கா அன்னைக்கு அவரை வாங்கின வாங்கு இந்தச் சந்துக்கே தெரியும். மூலையில கருகின ஓட்டை அவரோட பீடி. வரிவரியா இருக்கிற பழுப்பு, மாடிக் கம்பியோட துரு. இதுதான் அந்த துக்கம்.

விஷயம் அதோட நிக்கலையே. பேப்பர்ல வந்துச்சு, போன் போனா போச்சு. தண்ணி பிடிக்கப் போன இடத்துல பக்கத்து வீட்டு மராட்டியம்மா அக்கா கன்னத்தைத் தடவிக் கண்ணைத் துடைச்சுக்கிச்சு. பாவம், நல்ல மனசுதான். ஆனா அக்கா குடத்தைப் பாதியில விட்டுட்டு வந்துட்டாங்க. சாயங்காலம் நிக்டிலேர்ந்து எங்க சம்பந்தியம்மா, மீனுவோட மாமனார் சின்னதுரை அண்ணன் சம்சாரம், போன் போட்டாங்க. குரல்ல தேன் சொட்டுச்சு. அந்தம்மாவுக்கு மனசுல இவ்வளவு ஏக்கம் இருக்கிறப்ப வளையல் போடச் சொல்றது அவங்களுக்கே கஷ்டமாச்சேன்னாங்க. வயித்துப் பிள்ளைக்காரி பாருங்க, எதுக்கு வம்புன்னாங்க. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு. பொண்ணு வாழப் போன வீடாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, பார்க்கலாம்னு மட்டும் சொல்லி வெச்சேன்.

அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாவே வந்து, அன்னைக்கு நான் அடுப்படியில வத்தல் பொரிக்கிறேன் விசாலம், சபைக்கு வரலன்னாங்க. எடுத்த புதுப் புடவையைக் கடையில மாத்திக்கலாமான்னு கேட்டாங்க. அதைக் கேட்டதும் என்னால தாங்க முடியல. செருப்பை மாட்டுங்கக்கான்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஆட்டோ ஏறினேன்.

அந்த ஹால்ல ஏ.சி. குளிரு. அம்ருதா எங்களைப் பார்த்ததும் மௌஷின்னு ஓடிவந்து கட்டிக்கிச்சு, இவங்கதான் கலைஞர்னு எல்லாருக்கும் காட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. கோகுல்நாத்தும் இருந்தாரு. அக்கா சுத்தி ஒரு தடவை பார்த்துட்டு அம்ருதாகிட்ட, வத்தல் போட்டாச்சாம்மான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு முழிச்சுச்சு. அது துணியை வத்தலுக்குக் கேக்கவே இல்லன்னு அக்காவுக்கு அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது.

கோகுல்நாத்தைக் கூப்பிட்டு, அட்டையில இருக்கிறதைத் தமிழ்ல சத்தமாப் படிங்க தம்பின்னாங்க. அவரு படிக்க ஆரம்பிச்சாரு. குழந்தைங்கிறது வரைக்கும் குரல் வந்துச்சு. கருப்பைங்கிற இடத்துல நின்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என்னால சும்மா இருக்க முடியல. பீட்ரூட்டு, ஆலங்கட்டி, பீடி எல்லாத்தையும் மூணு பாஷையில கொட்டினேன். ஒரு தாடிக்காரரு கண்ணை மூடித் திறந்து, தற்செயலா வந்ததுன்னா இது இன்னும் உசந்ததுன்னாரு. அம்ருதா, செஞ்சவங்களுக்கே தெரியாத அர்த்தம் கலையில இருக்கும் மௌஷின்னு பொறுமையா விளக்குச்சு. அக்கா வயித்துல என்ன இருந்துச்சு, என்ன இல்லைங்கிறது அக்காவுக்குத் தெரியாதாம், இந்தப் பொண்ணுக்குத் தெரியுமாம். என்ன திமிர் பாருங்க.

அக்கா கத்தல. கோகுல்நாத்தைப் பார்த்துத்தான் சொன்னாங்க.

"தம்பி, புள்ளைங்க எத்தனைன்னு உங்க வீட்டம்மா கேட்டாங்க, இல்லைன்னேன். அதை அவங்ககிட்ட சொன்னேன். சுவத்துல எழுதி ஒட்டச் சொல்லல."

அவரு அதை ஹிந்தியில சொன்னாரு. அம்ருதா முகம் செத்துப் போச்சு. அக்கா மூலையில இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கிளிப்பை ஒவ்வொண்ணாக் கழட்டினாங்க. வேட்டி கைக்கு வந்ததும் உதறி மடிச்சாங்க. அப்ப பாருங்க, சுத்தி நின்னவங்க போனைத் தூக்கிப் படம் பிடிச்சுக்கிட்டே இன்னொரு தடவை கை தட்டினாங்க. இதுவும் கண்காட்சியில ஒரு ஐட்டம்னு நினைச்சுட்டாங்க. அடப் பாவிங்களா, ஒரு மனுஷி கோபப்பட்டாக்கூடவா வேடிக்கை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அக்கா மட்டும், வெயில் போகுது, வா விசாலம்னு படியிறங்கிட்டாங்க. எங்க பின்னாலயே அம்ருதா அந்த அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. துணி போன பிறகும் வெறும் கம்பியை நின்னு பார்த்துட்டுப் போனவங்க உண்டுன்னு கோகுல்நாத் அப்புறமாச் சொன்னாரு.

மறுநாள் காலையில அதே துணியில வளைகாப்புக்குக் கூழ் ஊத்தினோம்.

வளைகாப்பு அன்னைக்கு நான் எவ்வளவு சொல்லியும் அக்கா அடுப்படியை விட்டு வரல. பழைய புடவைதான் கட்டியிருந்தாங்க. சபையில மீனுவை உக்கார வெச்சு, சந்தனம் பூசி, சம்பந்தியம்மா முதல் வளையலைக் கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க. மீனு கையை நீட்டினா. ஆனா விரலை இறுக்கி மடக்கிக்கிட்டா. சம்பந்தியம்மா சிரிச்சுக்கிட்டே விரிம்மான்னாங்க. மீனுவும் சிரிச்சா, விரிக்கல. கண்ணாடி வளையல், மூடின கையில எப்படி ஏறும்? அவ மாமனார் சின்னதுரை அண்ணன் தரையைப் பார்த்தாரு. நான் என் பொண்ணு முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன், தடுக்கல.

மீனு அடுப்படிப் பக்கம் திரும்பி, "பெரியம்மா, கை வலிக்குது, சீக்கிரம் வாங்க"ன்னா.

உள்ளே வத்தல் பொரியிற சத்தம் நின்னுச்சு. அக்கா வாசப்படியில வந்து நின்னு என்னைப் பார்த்தாங்க, சம்பந்தியம்மாவைப் பார்த்தாங்க. சம்பந்தியம்மா என்ன நினைச்சாங்களோ, கையில இருந்த வளையலை அக்காகிட்ட நீட்டிட்டு நகர்ந்து இடம் விட்டாங்க. மீனு விரலை விரிச்சா. அக்கா கையெல்லாம் எண்ணெய், துடைச்சுக்கக்கூட மறந்துட்டாங்க. வளையல் வழுக்கிக்கிட்டு ஏறிடுச்சு.