பாலாடையும் கம்பெனி பஸ்ஸும்

எங்கள் கம்பெனி பஸ் பிச்சாட்டூரில் கிளம்பி, காலை ஏழு நாற்பதுக்கு ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில் எங்கள் தெருமுனைக்கு வரும். ஒரு நிமிஷம் நிற்கும். பிள்ளை பெறுவதைப் பற்றியும் வளர்ப்பதைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த பஸ்ஸில் கற்றுக்கொண்டது. மீதிப் பாதியை ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தில் படித்தேன். தெலுங்கில் இருந்த அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரை நானே படித்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் என் அம்மாவும் நைனாவும் இன்னும் பெருவிரல்தான் வைக்கிறார்கள். நான் தமிழில் பத்தாவது வரை படித்து, திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமா முடித்து, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். காருக்குள் போகிற ஒயர் கட்டுகளில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். நான் மாசமாக இருப்பது என் அம்மாவுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. வாந்தி வந்து டிரைவரை நிறுத்தச் சொன்னேன். திரும்பி ஏறியபோது பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற அக்கா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். மூன்று பிள்ளை பெற்றவர். பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார்.

“டயர் மேல ஒக்காராதம்மா, தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல ஒக்காரு. வெறும் வயித்தோட பஸ்ஸு ஏறாத. ரெண்டு வாய் பொரி துன்னுட்டு ஏறு.”

அதிலிருந்து ஏழு மாசமும் அந்த நடு சீட் எனக்கு. டயருக்கு மேல் இருந்த என் பழைய இடத்தில் அந்த அக்கா உட்கார்ந்தார்.

ஆண்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்டோர்ஸில் இருக்கிற அண்ணன் ஒருவர் கடைசி சீட்டிலிருந்து கத்துவார். அவருக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது.

“டெலிவரிக்குன்னு பை கட்டறீங்களே, அதுல ஊட்டுக்காரருக்கும் ஒரு சட்டை வெய்யிம்மா. நான் ரெண்டு நாளு ஒரே சட்டையில சுத்திக்கினு இருந்தேன். கொழந்தைய கையில குட்த்தா, அது மூஞ்சிய சுளிச்சிக்கிச்சு.”

“சட்டைக்கா சுளிச்சிச்சு? உன் மூஞ்சியப் பாத்துச் சுளிச்சிருக்கும்,” என்றார் பேக்கிங் அக்கா. டிரைவர்கூடச் சிரித்தார்.

நான் சிரித்துவிட்டு மறக்கவில்லை. திருப்பதிக்குப் பிரசவத்துக்குப் போனபோது என் பையில் என் வீட்டுக்காரருக்கும் மூன்று சட்டை வைத்தேன். இவர் பால் வேன் ஓட்டுகிறார். காலை நாலு மணிக்குக் கிளம்பி ஊர் ஊராகப் போய்ப் பாலைச் சேர்த்து, குளிரூட்டும் நிலையத்தில் இறக்கிவிட்டு ஏழரைக்கு வீட்டுக்கு வருவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி ஒரு சுற்று. சட்டையில் பால், தீவனம், மாட்டுக் கொட்டகை எல்லா வாசனையும் இருக்கும். மகள் பிறந்த அன்றே வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த சட்டை மாற்றாமல் குழந்தையைத் தொடக்கூடாது. புத்தகத்தில் கை கழுவச் சொல்லித்தான் போட்டிருந்தது. மீதியை நான் சேர்த்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. ஏழரைக்கு வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போவார்.

லீவு முடிய இரண்டு வாரம் இருந்தபோது மகளுக்கு ஐந்தரை மாசம். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நான் காலையில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது, பகலில் வீட்டிலிருக்கிற இவர் அதைக் கொடுப்பது, இவர் சாயங்காலச் சுற்றுக்குப் போனதும் நான் வரும்வரை என் அம்மா பார்த்துக்கொள்வது. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டிலை நாக்கால் தள்ளினாள். ஸ்பூனைப் பார்த்தாலே உதட்டை மூடினாள். மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொடுத்தால் வாயில் வாங்கி, கழுத்து வழியாக வெளியே விட்டாள்.

நான் எனக்குத் தெரிந்த முறையில் இறங்கினேன். நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நேரம், எத்தனை மில்லி, முடிவு, காரணம் என்று நாலு கட்டம். கம்பெனியில் சரியான உருப்படிக்கு ஓகே, சரியில்லாததற்கு என்ஜி என்று எழுதுவோம். என்ஜி வந்தால் காரணம் எழுதாமல் தாளை மூட முடியாது. அப்படியே வீட்டிலும் எழுதினேன். பால் சூடு குறைவு, என்ஜி. தூக்கக் கலக்கம், என்ஜி. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம், என்ஜி. எட்டு நாளில் ஒரு ஓகே கூட வரவில்லை.

என் அம்மா நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இன்னாத்துக்குடி இத்தனை கஷ்டம்? வேலைய வுட்டுட்டு ஊட்டுல இரு. கொழந்தை வளந்தப்புறம் பாத்துக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. லீவு முடிந்து திங்கட்கிழமை நான் போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், அப்புறம் அந்த இடம் எனக்குக் கிடைக்காது. குழந்தை பட்டினி கிடக்க நான் அங்கே நின்று ஒயர் பார்க்கவும் முடியாது. இரண்டில் எது என்பதை ஐந்தரை மாசக் குழந்தை தன் உதட்டில் வைத்திருந்தது.

அப்போதுதான் பஸ் ஞாபகம் வந்தது. காலை ஏழு நாற்பதுக்கு மகளையும் பாலாடையையும் தூக்கிக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். பஸ் நின்றதும் ஜன்னல்கள் திறந்தன.

“ஏந்தம்மா, பாலு தாகலேதா?” என்றார் பேக்கிங் அக்கா. குடிக்கவில்லையா என்று கேட்கிறார்.

“இல்லக்கா. பாலாடையில குட்த்தா துப்பறா.”

“உன் பழைய பொடவைய அவரு தோள்ல போட்டுக்கினு குடுக்கச் சொல்லு. உன் வாசனை வரும்.”

“நின்னுக்கினு குடுக்கச் சொல்லும்மா,” என்று பின்னாலிருந்து ஸ்டோர்ஸ் அண்ணன். “என் பையன் ஒக்காந்தா குடிக்க மாட்டான்.”

“உன் பையன் உன்ன மாதிரி. கடசி சீட்டு காலியா இருந்தாலும் நின்னுக்கினே வருவ.”

அதற்குள் ஒரு நிமிஷம் முடிந்து பஸ் போய்விட்டது. மறுநாள் நான் பதிலோடு நின்றேன். புடவை, என்ஜி. நிற்பது, என்ஜி. அவர்கள் வேறு இரண்டு யோசனை கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் வேறு இரண்டு. பாலைக் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பாக வை. முழுப் பசி வருமுன் கொடு. பால் வேன்காரர் வீட்டில் இந்தக் கூத்தா என்று பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. “ஊருக்கெல்லாம் பாலு எடுத்துக்கினு போறாரு, பெத்த பொண்ணுக்கு ஊட்டத் தெர்ல,” என்று யாரோ ஒரு பெண் சொன்னது, குளித்துவிட்டு என் பின்னால் வந்து நின்ற இவர் காதிலும் விழுந்தது. இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வியாழக்கிழமை இவர் வர நேரமாகிவிட்டது. ஏழரை தாண்டித்தான் வேன் வந்தது. நான் தெருமுனையில் மகளோடு நிற்பதைப் பார்த்து இறங்கி வந்தார். கிட்டே வர வேண்டாம் என்று கை காட்டினேன். இரண்டடி தள்ளி நின்றார். அந்த நேரம் பஸ் வந்தது.

“இன்னிக்கு?” என்றார் அக்கா.

“என்ஜிதான் அக்கா.”

“குடுக்கறப்போ நீ எங்க இருக்க?”

“பக்கத்துலதான். நேரம் எழுதணும் இல்ல?”

அக்கா ஜன்னலில் தலையை வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். “கடையையே மடியில வெச்சிக்கினு ஒக்காந்திருக்க, அது எதுக்கு ஸ்பூன்ல குடிக்கும்? பாலு பீய்ச்சி வெச்சிருக்கியா?”

“இருக்கு. ஆறு மணிக்கு எடுத்தது.”

“அப்ப கொழந்தைய அவருகிட்ட குடு. எக்கு.”

எக்கு என்றால் ஏறு. நான் புரியாத மாதிரி நின்றேன். காலில் வீட்டுச் செருப்பு, நைட்டி மேல் ஒரு துண்டு.

“அக்கா, இப்படியேவா?”

“கம்பெனி கேட்டு வரைக்கும் வா. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுல திரும்பு, காசு நான் தரேன். போனையும் அவருகிட்ட குட்த்துடு. இல்லன்னா நிமிஷத்துக்கு ஒரு தடவை குட்சாளா குட்சாளான்னு கேப்ப. பயபடாகு, பயப்படாத.”

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இவரைப் பார்த்தேன். சட்டையெல்லாம் பால் கறை.

“நீங்க இன்னும் குளிக்கல,” என்றேன்.

“நீ ஏறு,” என்றார்.

மகளை அந்தச் சட்டையின்மேல் கொடுத்தேன். போனைக் கொடுத்தேன். ஏறினேன். மகள் கத்திய கத்து அடுத்த திருப்பம் வரை கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சீருடையில் இருக்க நான் நைட்டியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் வேலைக் கதையைப் பேசிக்கொண்டே வந்தார். புது சூப்பர்வைசர் எப்படி, கேன்டீனில் சாம்பார் எப்படி என்று. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் நெஞ்சில் பால் கட்டிக்கொண்டது. துண்டு நனைந்தது. அக்கா பேச்சை நிறுத்தாமலே தன் பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து என்மேல் போட்டார்.

“எனக்கும் இப்பிடித்தான் ஊறும். மொத மொத வேலைக்கு வந்தப்போ, யாரு வூட்டுக் கொழந்தை அழுதாலும் ஊறும். பைக்குள்ள எப்பவும் ஒரு துணி வெச்சிக்கோ. புத்தகத்துல போட்டிருக்கா அது?”

போட்டிருக்கவில்லை.

கம்பெனி கேட்டில் எல்லாரும் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். இத்தனை மாசத்துக்குப் பிறகு அந்த கேட்டைப் பார்க்கிறேன். உள்ளே என் மேஜை இருக்கிறது, என் பேனா கட்டியிருக்கிற நூல் இருக்கிறது. எனக்கு அது வேண்டும் என்பதில் அந்த நேரத்திலும் சந்தேகம் வரவில்லை. ஆட்டோ நிறைய ஆள் சேரும் வரை கிளம்பாது என்றான் ஷேர் ஆட்டோக்காரன். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இப்போது எட்டரை இருக்கும், இப்போது ஒன்பது இருக்கும் என்று.

வீட்டுக்கு வரும்போது பத்தரை ஆகிவிட்டது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. குழாயடி வரை ஓடிப் பார்த்தேன். அப்புறம்தான் வாசலில் நின்ற வேனைப் பார்த்தேன். இவர் டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மகள் அவர் நெஞ்சில், அந்த அழுக்குச் சட்டைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் ஓரத்தில் பால் காய்ந்திருந்தது. ஸ்டீரிங்குக்கு முன்னால் பாலாடை, காலியான டம்ளர், என் நோட்டு.

“குட்சாளா?” என்றேன், சத்தம் வராமல்.

அவர் நோட்டைக் காட்டினார். எட்டு பத்து, என்ஜி. எட்டு நாற்பது, என்ஜி. ஒன்பது இருபத்தைந்து, அறுபது மில்லி, ஓகே. பத்து ஐந்து, நாற்பது மில்லி, ஓகே. கோணல் மாணலான எழுத்து. ஓகே வந்தால் காரணம் எழுதத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டத்திலும் எழுதியிருந்தார். முதலாவதில், “பசி.” இரண்டாவதில், “மறுபடியும் பசி.”

“எப்பிடி குட்சா?”

“வாயாலதான்.”

“நல்லா சொல்லுங்க.”

“ஊட்டுக்குள்ள உன்னத் தேடிக்கினே கத்தினா. வேனுக்கு இட்டாந்தேன். கொஞ்ச நேரம் சட்டைய மோந்துக்கினு இருந்தா. அப்புறம் ஊத்துனேன், முழுங்கினா.”

வேன்தானா, சட்டைதானா, நான் இல்லாததுதானா, வெறும் பசிதானா. தரம் பார்க்கிறவளாக எனக்கு ஒரே காரணம் வேண்டும். நாலையும் தனித்தனியாகச் சோதிக்க நேரமில்லை. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, நெஞ்சு கல்லாகக் கட்டியிருக்க, அவளை எழுப்பி ஒரு வாய் குடிக்க வைக்க வேண்டும் என்று கை போனது. அவள் என்னைத் தேடி இரண்டு மணி நேரம் பட்டினி கிடந்திருந்தால்கூட எனக்கு ஒரு மூலையில் பெருமையாக இருந்திருக்கும். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது நடந்தது.

“எழுப்பட்டுமா?” என்றார் இவர்.

“வேணாம். தூங்கட்டும்.”

உள்ளே போய்க் கையைக் கழுவி, டம்ளரைக் கொதிக்கவைத்து, மதியத்துக்கான பாலைப் பீய்ச்சி மூடி வைத்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பால் கொடுக்கிற நேரத்தில் நான் தெருக்கோடிக்குப் போய் நின்றேன். இவரிடம் கை மட்டும் கழுவினால் போதும் என்று சொல்லிவிட்டேன். நோட்டில் ஒன்பது ஓகே வந்தது, இரண்டு என்ஜி.

திங்கட்கிழமை சீருடையோடு தெருமுனையில் நின்றேன். பையில் ஒரு துணி அதிகமாக இருந்தது. இவர் வேனிலிருந்து இறங்கி நேராக வந்து மகளை வாங்கிக்கொண்டார். பஸ் நின்றது. ஜன்னல்கள் திறந்தன.

“ஓகேவா, என்ஜியா?” என்று கடைசி சீட்டிலிருந்து ஸ்டோர்ஸ் அண்ணன் கத்தினார்.

“ஓகே அண்ணா.”

“சட்டை மாத்தலியா உங்க வூட்டுக்காரரு?”

“மாத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

பஸ்ஸில் ஏறி, மகளைப் பார்த்துக் கையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கிங் அக்கா நடு சீட்டிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி, பின்னால் போ என்று காட்டினார். நான் என் பழைய இடத்தில், டயருக்கு மேல் உட்கார்ந்தேன்.