அவள் கட்டிய மூலை

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற ஆட்கள் எல்லாத் தொழிலிலும் ஒன்றிரண்டு பேர் உண்டு. கொத்தனாரம்மா அந்த ரகம். கணவர் கொத்தனார். அவருக்குக் கலவை போட்டு, செங்கல் நனைத்து, சட்டி சட்டியாகத் தூக்கிக் கொடுக்கிற சித்தாள் அவள். கல்யாணமான மூன்றாம் மாதம் தொடங்கிய இந்தக் கூட்டணி இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினால் கல் அங்கே இருக்கும். சாரத்தில் நின்றபடி ஒரு தடவை செருமினால் கலவையில் தண்ணீர் போதவில்லை என்று அவளுக்குப் புரியும். இரண்டு தடவை செருமினால் டீ.

கொத்தனாருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர். அவர் கட்டிய சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டை விட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நியாயமான தலைக்கனம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் தன் கொத்துக் கரண்டியை மனைவி கையில் கொடுத்ததில்லை. பெண்பிள்ளைகள் சட்டி தூக்கலாம், சுவர் கட்டக் கூடாது என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எப்போதும் பலம் ஜாஸ்தி. அவளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அதற்காக ஆசை இல்லாமல் போகுமா? அவர் சாப்பிடப் போகும்போது கரண்டியைக் கழுவி வைப்பது அவள் வேலை. கழுவிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, காற்றிலேயே கலவையை இரண்டு வீச்சு வீசிப் பார்ப்பாள்.

இப்படி இருக்கையில் அவர்கள் சபையிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு குழு புறப்பட்டது. கடல் தாண்டி ஒரு மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறையின் சுவர்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. கூரையை அந்த ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்வார்கள். போதகர், வங்கி மேனேஜர், ஒரு பல் டாக்டர், பாட்டு வாத்தியார் என்று எட்டுப் பேர். அந்த எட்டில் செங்கல் பிடித்த கை கொத்தனாருக்கும் அவளுக்கும் மட்டும்தான். அவர் சுவர் கட்டுவார், மற்றவர்கள் எடுபிடி, அவள் எல்லாருக்கும் சமையல் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. அவர்கள் வீட்டில் சமையல் ருசிப்பது கொத்தனார் கையில்தான் என்பது பாவம் கமிட்டிக்குத் தெரியாது.

விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டும். சிமெண்டில் ஊறின விரலில் ரேகை நிற்காது என்பது கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு மாதத்துக்கு முன்பே போதகர் இருவரையும் கூப்பிட்டு, தினமும் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தேயுங்கள் என்று சொல்லியிருந்தார். அவள் தேய்த்தாள். அவர், நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் கண்ணாடிப் பெட்டியின் மேல் அவர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பெட்டி ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் விரல் ஒரே தடவையில் ஏறிவிட்டது. அவளுக்கு விசா வந்தது, அவருக்கு வரவில்லை.

டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த ஊரில் அஸ்திவாரம் போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார் போதகர். பார்த்துக்கொள்வார்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தூக்குக் குண்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொத்தனார் தன் தூக்குக் குண்டையும் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் துணியில் சுற்றி மேனேஜரிடம் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மனைவியிடம், கலவையைத் தளர விட்டுடாதே என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் வேலை ஜெபத்தோடு தொடங்கியது. பள்ளியின் தலைமை ஆசிரியை கரண்டியைக் கொண்டுவந்து, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறாரே என்று மேனேஜர் கையில் கொடுத்தார். மேனேஜர் அதைப் பேனாவைப் பிடிப்பது போலப் பிடித்தார். போதகர் இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டார். தண்ணீர் வண்டி வர நேரமாகும் என்றதும், இருந்த கொஞ்சம் தண்ணீரைக் கலவைக்கு வைத்துக்கொண்டு, செங்கல்லை நனைக்காமலே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு கலவை மண்ணுக்குச் சமம். அவளுக்கு அது தெரியும். ஆனால் கொத்தனாருக்குச் சித்தாள் யோசனை சொல்கிற வழக்கம் அவள் வேலை பார்த்த எந்தக் கட்டடத்திலும் இல்லை. பழக்கதோஷம், சமையலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சும்மாட்டை வைத்துச் சட்டியைத் தூக்கினாள்.

சாயங்காலத்துக்குள் ஆறு வரிசை ஏறிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. பல் டாக்டர் போட்டோ எடுத்தார். அவள் சற்றுத் தள்ளி நின்று மூலையைப் பார்த்தாள். இரண்டு சுவர் சேருகிற மூலைதான் கட்டடத்துக்கு உயிர். அதைப் பார்த்துத்தான் மற்றக் கல்லெல்லாம் வரிசைக்கு வரும். அந்த மூலை ஆறு வரிசைக்குள்ளேயே மூன்று விரற்கடை வெளியே சாய்ந்திருந்தது. ஒரு சிறுபிள்ளை அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அவள் போய் அதைத் தூக்கித் தள்ளி உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு எல்லாரும் கூடுவதற்கு முன்னால் அவள் தனியாக வந்தாள். சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. சத்தம் கேட்டுப் போதகர் ஓடிவந்தார், பின்னாலேயே மேனேஜர். தாங்கள் நாள் முழுக்க வியர்வை சிந்திக் கட்டின சுவர் தரையில் கிடக்கிறது, பக்கத்தில் கொத்தனாரம்மா நிற்கிறாள்.

"ஐயா, இது நிக்காது. பிள்ளைங்க உக்காரப்போற இடம்" என்றாள்.

போதகர் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தார். ஒட்டியிருந்த கலவை விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவருக்கு முகம் சிறுத்துப்போனது. நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நேத்து நான் சித்தாள்தானேங்கய்யா."

"இன்னைக்கு?"

அவள் மேனேஜர் பக்கம் கையை நீட்டினாள். அவர் ஓரமாகக் கிடந்த கரண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார், விட்டது தொல்லை என்கிற மாதிரி.

இந்த இடத்தில் அவள் கை வைத்ததும் சுவர் மளமளவென்று எழும்பியது என்று எழுத எனக்கும் ஆசைதான். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? கண்ணுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் இருந்தது, கைக்கு ஒரு நாள்கூட இல்லை. முதல் தடவை அவள் கட்டின மூலையும் ஒரு விரற்கடை சாய்ந்தது. குண்டைப் பிடித்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், தன் கையாலேயே பிரித்துப் போட்டாள். மேனேஜர் வாய்விட்டே முனகினார். இரண்டாவது தடவை கட்டினதை நான்காம் வரிசையில் பிரித்தாள். மூன்றாவது தடவை மூலை நின்றது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கைவிரல் பத்தும் வீங்கிப்போய், தட்டில் இருந்த சாப்பாட்டைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

சமையல் பாட்டு வாத்தியார் தலையில் விழுந்தது; மேனேஜர்தான் அவளுக்குச் சித்தாள். ஆயிரம் பேருக்குக் கடன் எழுதிக் கொடுத்த மனுஷன், ஒரு சட்டிக் கலவையை நேரத்துக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை. ஒன்று தளர்ந்து ஓடும், இல்லையென்றால் கட்டியாக வரும். அவள் கையில் கல்லை வைத்துக்கொண்டு காத்து நிற்பாள். மூன்றாம் நாள் பொறுமை போய், "என்ன சார், கலவையா கொண்டு வர்றீங்க, கஷாயமா?" என்று கத்திவிட்டாள். கத்தின பிறகு அவளே திடுக்கிட்டுப் போனாள். அது அப்படியே அவள் வீட்டுக்காரரின் வார்த்தை, அவருடைய குரல்கூட. மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதைத்தான் இத்தனை வருஷமாப் பண்ணீங்களா?" என்று கேட்டார். அதுவரை தன் வேலை ஒரு வேலை என்று அவளுக்கே தோன்றியதில்லை. அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, இறங்கிப்போய் எப்படிக் கலப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் மேனேஜர் தேறிவிட்டார். அவரும் அவளும் சேர்ந்து ஜன்னல் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்குப் போன் பேசும்போதெல்லாம், வேலை நல்லாப் போகுது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வாய் வரவில்லை. பல் டாக்டர் விடுவாரா? அவள் சாரத்தின் மேல் கரண்டியோடு நிற்கிற படத்தைச் சபை வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அன்றைக்கே கொத்தனார் கூப்பிட்டார்.

"மூலை யாரு கட்டுனது?"

"நான்தாங்க."

"தூக்குப் பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டார். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அன்றைக்குப் பாக்கியிருந்த நான்கு வரிசையையும் கட்டி முடித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு சுவரும் முடிந்தன. தலைமை ஆசிரியை சுவரைத் தட்டிப் பார்த்தார், பிறகு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. போதகரிடம் கேட்கவும் இல்லை. அவள் மனம் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தது. திங்கள்கிழமை கட்டடத்துக்குப் போய் மறுபடி சும்மாட்டைச் சுற்றுவதா, என்ன செய்வது? விமானத்தில் வந்த நேரம் முழுக்க அந்த ஒரே யோசனை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி ஆராதனை. தான் கட்டிய சுவரைக் கொத்தனாரம்மா ஒரே தள்ளில் தள்ளின கதையைப் போதகர் தானே சொன்னார். சபையே சிரித்தது. கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவரே சமைத்தார், அவரே பரிமாறினார். அந்த ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை இருந்துவிட்டு, நாளைக்கு வேலைக்கு வர்றியா என்று கேட்டார். வர்றேன் என்றாள்.

"கலவை போடவா?"

"இல்லைங்க. சுவர் கட்ட."

அவர் எழுந்து கையைக் கழுவினார். திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மனுஷன் கத்தப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நீ போன பிறகு மூணு சித்தாள் மாத்திட்டேன்" என்றார் மெதுவாக. "ஒருத்தரோடயும் வேலை ஓடலை. கையில கரண்டியோட சும்மா நிக்கிறேன். உங்க கைக்கு என்னய்யா ஆச்சுன்னு மேஸ்திரி கேக்குறாரு. கைக்கு ஒண்ணும் ஆகலை. என் வேலைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்ததுல பாதி உன் வேலை. நீயும் கரண்டி எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் பாதிதான் இருக்கும். அது நாலு பேருக்குத் தெரிஞ்சு போயிரும்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, பாவத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே.

"தெரியட்டுமே" என்றாள். "எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்."

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கள்கிழமை மேல்மாடியில் சுவர் வேலை. அவர் பையிலிருந்து இரண்டாவது கரண்டியை அவளே எடுத்துக்கொண்டு இடது மூலைக்குப் போனாள். அவர் பார்த்தார், தடுக்கவில்லை. மற்றக் கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரி படியேறி வந்தவர் நின்றுவிட்டார். என்ன கொத்தனாரே, அம்மா அங்கே என்ன பண்றாங்க என்று கேட்டார்.

"மூலை கட்டுறா."

"அப்போ உங்களுக்குக் கலவை?"

கொத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு நாள் நீங்க பார்த்தது ரெண்டு பேர் வேலை மேஸ்திரி" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. "இனிமே என் சுவர் மெதுவாத்தான் ஏறும். பழகிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தானே சட்டியை எடுத்துக்கொண்டு கலவைக்காகக் கீழே இறங்கிப் போனார். அவளுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. முதல் கல் கையில் இருந்தது. அதை மட்டம் பார்த்து வைத்து முடிக்கிற வரை அவள் திரும்பவில்லை.